கவாத்து வெட்டும் தையல் தடமும்

வண்டிப்பெரியாரில் 'தழும்பு' என்ற சொல் இரண்டு பொருளில் புழங்குகிறது. தமிழ் பேசுகிறவருக்கு அது ஆறிய புண்ணின் தடம். மலையாளத்தில் 'தழம்பு' என்றால் பெரும்பாலும் உழைத்து உழைத்துக் கையில் ஏறும் காய்ப்பு. கம்பம், தேவாரம், போடி பக்கமிருந்து மலையேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கோட்டயம் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒரே கடைத்தெருவில் நிற்கும் ஊர் அது. தழும்பைக் காட்டச் சொன்னால் ஒருவர் வயிற்றுத் தையலை நினைப்பார், இன்னொருவர் உள்ளங்கையை விரிப்பார். தேயிலைக்காட்டில் வேலை பார்க்கிறவர்களிடம் இரண்டுமே இருக்கும்.

அந்தத் தேயிலைக்காட்டிலேயே வெட்டையும் தழும்பையும் பற்றிய அறிவு இருக்கிறது. செடியை நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து செய்ய வேண்டும். கை பழகியவர் கவாத்துக் கத்தியை ஒரே வீச்சில் சாய்வாக இறக்குவார். வெட்டுவாயில் மழைத்தண்ணீர் தேங்கக் கூடாது, பட்டை கிழியக் கூடாது. கிழிந்தால் அந்த இடத்தில் கிளை மக்கத் தொடங்கி, நோவு கீழே தூர் வரைக்கும் இறங்கும். பெரிய வெட்டுகளின் மேல் செம்பு கலந்த மருந்துக் குழம்பைப் பூசுவதும் உண்டு. ஆறு மாதம் கழித்து அந்தச் செடியைப் பார்த்தாலே வெட்டியவர் கை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

மனிதத் தோலும் இந்த விஷயத்தில் செடியைப் போலத்தான். வியன்னாவில் உடற்கூறியல் பயிற்றுவித்த கார்ல் லாங்கர் 1861-ல் பிணங்களின் தோலில் உருண்டை முனை கொண்ட ஊசியால் வரிசையாகத் துளையிட்டுப் பார்த்தார். வட்டமாகக் குத்திய துளைகள் எல்லாம் நீண்டு ஒருக்களித்துக்கொண்டன. தோல் ஒவ்வோர் இடத்திலும் ஒரு திசையில் இழுபட்டு நிற்கிறது என்பது அதனால் விளங்கியது. அந்த இழுப்போடு ஒத்துப் போகும் வெட்டு மெல்லிய கோடாக ஆறுகிறது. குறுக்கே போனால் அகன்று, தடித்துப் போகிறது. இன்றைக்கும் அறுவை மருத்துவர்கள் கத்தி வைக்கும் திசையைத் தீர்மானிக்கும்போது லாங்கரின் கோடுகளை மனதில் வைத்துக்கொள்கிறார்கள்.

வண்டிப்பெரியார் இருக்கும் பீருமேட்டு மலைகளில் 1860-களில் காப்பி நட்டார்கள். இலைத்துரு நோய் காப்பியைத் தின்று தீர்த்த பிறகு தேயிலை வந்தது. 1887 முதல் 1895 வரை அவ்வூர் வழியே ஓடும் பெரியாற்றின் மேல் பொறியாளர் பென்னிகுவிக்கின் அணை எழும்பியது. காட்டை வெட்டியதும், கல்லை உடைத்ததும், சுண்ணாம்பைச் சுமந்ததும், கங்காணியின் பின்னால் வரிசையாக மலையேறியதும் பெரும்பாலும் தமிழ்க் கூலிகள். காய்ச்சலுக்குச் செத்தவர்களைப் பற்றியாவது பதிவேடுகளில் ஏதோ எழுதி வைத்திருக்கிறார்கள். வெட்டுப்பட்டுப் பிழைத்தவர்களின் தழும்புகளை எந்தப் பதிவேடும் குறித்து வைக்கவில்லை. காயம்பட்டால் காப்பித்தூளை அப்பி அழுத்துவார்கள், சுண்ணாம்பு வைப்பார்கள், இல்லையென்றால் கையில் கிடைத்த பச்சிலையைக் கசக்கிப் பிழிவார்கள். பின்னாளில் அப்படிக் கைக்கு வந்த ஒரு பச்சிலைக்குக் கேரளத்தில் 'கம்யூனிஸ்ட் பச்சை' என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. கட்சி பரவிய காலத்தில் அந்தச் செடியும் பரவியதால் வந்த பெயர் என்பார்கள். ரத்தம் நிற்கும், புண்ணும் ஆறும். தடத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தருவது தோட்டத்தின் கடமை என்றது. டிஸ்பென்சரிகளும் தோட்ட ஆஸ்பத்திரிகளும் வந்தன. 1960-களில் கோட்டயத்தில் மருத்துவக் கல்லூரி தொடங்கிய பிறகு பெரிய அறுவை என்றால் மலையிறங்கிக் கோட்டயம் போவது வழக்கமாயிற்று. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் வளைவுப் பாதை. மறுபக்கம் இறங்கினால் குமுளி, கம்பம், தேனி. குடல்வால், சிசேரியன், தைராய்டு, பிறகு இதயம் என்று தையல் தடங்கள் தொழிலாளர் குடியிருப்பான லயங்களுக்குத் திரும்பி வரத் தொடங்கின. உயிரைக் காப்பாற்றிய கோடு என்பதால் அதற்கு ஒரு மரியாதையும் இருந்தது. அரிப்பும் இழுப்பும் பற்றிப் புகார் சொல்வது நன்றிகெட்டதனம் என்று நினைத்த தலைமுறை அது.

தழும்பைக் கவனிப்பது நேற்றைக்கு வந்த அழகு ஆசை என்று எண்ணுகிறவர்கள் சுசுருத சம்ஹிதையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். புண்ணுக்குச் செய்ய வேண்டியவை என்று அது 60 முறைகளைச் சொல்கிறது. சீழ் எடுப்பது, தைப்பது, கட்டுவது எல்லாம் முடிந்த பிறகும் பட்டியல் நிற்பதில்லை. வெளுத்துப் போன வடுவைக் கருக்கச் செய்வது தனி முறை. அதற்குச் சேங்கொட்டை பயன்பட்டது. கறுத்துப் போன வடுவைத் தோலின் நிறத்துக்குக் கொண்டுவருவது இன்னொரு முறை. முடி உதிர்ந்த இடத்தில் மறுபடி முளைக்க வைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அந்த மருந்துகள் எவ்வளவு பலித்தன என்பது வேறு கேள்வி. புண் மூடியதோடு வைத்தியனின் வேலை முடியவில்லை என்று அவர்கள் கருதியதுதான் முக்கியம். வெளுப்பையும் கறுப்பையும் இரண்டு வேறு கோளாறுகளாகப் பிரித்துப் பார்த்ததும் அப்படியே. பழுப்புத் தோலையே நாள்தோறும் பார்த்த கண்ணுக்குத்தான் அது தோன்றும்.

அறுவையின் தழும்பு எப்படி ஆயிற்று என்று அச்சில் ஏறிய பழைய சாட்சிகளில் ஒன்று புனேயிலிருந்து வருகிறது. கவாஸ்ஜி என்பவர் ஆங்கிலேயப் படையில் மாடோட்டியாக இருந்தார். மூன்றாம் மைசூர்ப் போரின்போது திப்புவின் ஆட்களிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஒரு வருடம் மூக்கில்லாமலே இருந்தவருக்கு, செங்கல் வேலை செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். இரண்டு ஆங்கில மருத்துவர்கள் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். செய்தி 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் படத்தோடு வெளிவந்தது.

அந்த விவரணையை நிதானமாகப் படிக்க வேண்டும். மெழுகைத் தட்டையாக்கி மூக்கின் எச்சத்தின் மேல் வைத்து அளவெடுக்கிறார். அதை விரித்து நெற்றியில் பதித்து, சுற்றிலும் கோடு கிழிக்கிறார். கோட்டுக்குள் இருக்கும் தோலை உரித்தெடுக்கும்போது இரு புருவங்களுக்கு நடுவே ஒரு சிறு துண்டை மட்டும் விட்டுவைக்கிறார். புதுத் தோலுக்கு ரத்தம் ஓடும் பாலம் அது. உரித்த தோலைத் திருப்பி, மூக்கின் ஓரத்தில் கீறிய பள்ளத்தில் செருகுகிறார். ஒட்டுவதற்கு, வெற்றிலை போடுகிறவர்கள் அறிந்த அதே காசுக்கட்டி. அதைக் குழைத்துத் துணிக்கீற்றுகளில் தடவி ஐந்தாறு அடுக்காக வைத்து, நான்கு நாள் தொடாமல் விடுகிறார். பிறகு நெய்யில் தோய்த்த துணி. 25-ஆம் நாள் வாக்கில் புருவ நடுவிலிருந்த பாலத்தை அறுத்துவிடுகிறார். கடைசியில் அந்தக் கட்டுரை நெற்றித் தழும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்கிறது: காலம் போகப் போக அது அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை என்று. மூக்கைப் பார்த்து வியந்த உலகம் இந்த ஒரு வார்த்தையைத் தாண்டிப் போய்விட்டது. எழுதியவரோ இரண்டையும் பார்த்திருக்கிறார். ஒன்றைச் சரிசெய்ய இன்னோரிடத்தில் கத்தி வைத்தால், அந்த இன்னோரிடத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் அல்லவா?

லண்டனில் ஜோசஃப் கார்ப்யூ இந்த முறையைப் பயின்று, 1814 அக்டோபரில் ஓர் இராணுவ அதிகாரிக்குச் செய்து, 1816-ல் நூலாக வெளியிட்டார். ஐரோப்பிய ஒட்டறுவையின் ஒரு பெரிய கிளை இங்கிருந்து தொடங்குகிறது.

தழும்பும் சிதைவும் ஒருவருடைய பிழைப்பை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதைத் தமிழ்நாட்டில் நேரில் கண்டு சொன்னவர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்து, 1946-ல் அறுவை மருத்துவராக வேலூர் சிஎம்சிக்கு வந்தவர். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். கை சரியானவர்கள் வேலை தேடிப் போனார்கள். வேலை கிடைக்கவில்லை. அமுங்கிய மூக்கும் உதிர்ந்த புருவமும் அவர்களுக்கு முன்னால் போய் நோயைச் சொல்லிவிட்டன. ஆகவே வேலூரில் மூக்கையும் புருவத்தையும் சீராக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. தலையின் முடியுள்ள தோல்பட்டை ஒன்றைப் புருவமாக நகர்த்தி வைத்தார்கள். தலைமுடி ஆதலால் அது நிற்காமல் வளரும். அவ்வப்போது கத்தரித்துக்கொள்ள வேண்டும். முகத்தைச் சரிசெய்வது ஆடம்பரம் என்று சொல்கிறவர்களுக்கு, அந்தப் புருவத்தைக் கத்தரித்துக்கொண்டு வேலைக்குப் போனவர்களைவிடப் பெரிய பதில் வேண்டியதில்லை.

எல்லாத் தையலும் கோடாக அடங்குவதில்லை. சிலருக்குத் தழும்பு புண்ணின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்கும். இன்னும் சிலருக்கு எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் கால் பரப்பும். பாரிசில் செயின்ட் லூயி மருத்துவமனையின் அலிபெர்ட் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நண்டின் கொடுக்கு போலப் பரவுகிறது என்று இதற்குக் கெலாய்டு என்ற பெயரைக் கொடுத்தார். நெஞ்சு, தோள், காதுமடல் ஆகிய இடங்களில் அதிகம் வரும். கருநிறத் தோலில் வெள்ளைத் தோலைவிட மிகுதி. வெட்டியெடுத்தால் போய்விடும் என்று நினைத்து வெட்டினால், பல நேரம் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். ஸ்டீராய்டு ஊசியைத் தழும்புக்குள்ளேயே போடுவது, இறுக்கிக் கட்டுவது, 1980-களிலிருந்து சிலிக்கோன் தகட்டை ஒட்டி வைப்பது என்று வழிகள் சேர்ந்தன. ஊசி வலிக்கும். தகடு பொறுமையைச் சோதிக்கும். மாதக்கணக்கில், நாளில் பெரும்பகுதி ஒட்டியே இருக்க வேண்டும்.

இந்த வரிசையில்தான் லேசர் வந்து சேர்ந்தது. 1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவில் தியடோர் மைமன் மாணிக்கக் கல் தண்டிலிருந்து முதல் லேசர் ஒளியை எடுத்தார். ஓரிரு ஆண்டுக்குள் சின்சினாட்டியில் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அதைத் தோலில் பாய்ச்சிப் பார்க்க ஆரம்பித்தார். 1964-ல் பெல் ஆய்வகத்தில் கார்பன்-டை-ஆக்சைடு லேசரை உருவாக்கியவர் குமார் பட்டேல். பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் படித்தவர். கவாஸ்ஜிக்கு மூக்கு வைத்த அதே புனே. இந்த லேசரின் ஒளியைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். தோலில் பெரும்பங்கு தண்ணீர்தான் என்பதால் அது ஒரு கத்தியாகவே ஆயிற்று. இந்தூரில் 1984-ல் தொடங்கிய உயர் தொழில்நுட்ப மையம், பின்னாளில் ராஜா ராமண்ணா பெயரைப் பெற்றது. மருத்துவமனைகளுக்கான இத்தகைய கருவிகளை நம் நாட்டிலேயே செய்து பார்த்த இடங்களில் அதுவும் ஒன்று.

முதல் தலைமுறை லேசர்கள் தழும்பைக் குறைப்பதற்குப் பதிலாகத் தழும்பை உண்டாக்கின. 1970-களில் பிறவிச் செம்மறுவை ஆர்கான் லேசரால் சுட்டபோது, மறு போன இடத்தில் வடு வந்தது. காரணத்தைத் தெளிவாகச் சொன்னவர்கள் பாஸ்டனில் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும், ஆண்டு 1983. விளக்குச் சுடருக்கு நடுவே விரலை வேகமாக ஓட்டினால் சுடாது, நிறுத்தினால் சுடும் என்பது எல்லாப் பிள்ளைகளும் கற்றுக்கொண்ட பாடம். அதையே அவர்கள் கணக்காக்கினார்கள். எந்தப் பொருளைச் சுட வேண்டுமோ அது மட்டும் உறிஞ்சும் நிறத்தில் ஒளி இருக்க வேண்டும். அந்தப் பொருள் ஆறுவதற்கு எடுக்கும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் ஒளி அடித்து நின்றுவிட வேண்டும். அப்போது சூடு பக்கத்துக்குப் பரவாது.

இதன்படி வந்ததுதான் 585 நானோமீட்டர் மஞ்சள் ஒளி வீசும் சாய லேசர். ரத்தத்தின் சிவப்பு இந்த ஒளியைப் பிடித்துக்கொள்ளும். புதுத் தழும்பு சிவந்திருப்பதற்குக் காரணம் அதற்குள் நெருக்கமாக ஓடும் மிகச் சிறு ரத்தக்குழாய்கள். அவற்றை அடைத்தால் தழும்புக்குப் போகும் தீனி குறையும். சிவப்பும் தடிப்பும் அரிப்பும் தணியும். டினா ஆல்ஸ்டர் 1995-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு மைல்கல். இதய அறுவைக்காக நெஞ்செலும்பைப் பிளந்து தைத்ததில் கெலாய்டு வந்த 16 பேர். ஒவ்வொருவர் தழும்பிலும் பாதிக்கு மட்டும் லேசர், மறுபாதியை அப்படியே விட்டார்கள். ஒரே உடம்பு, ஒரே தையல், ஒரே வயது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதைவிட நேர்மையான வழி இல்லை. லேசர் பட்ட பாதி தணிந்து, மெலிந்து, அரிப்பும் குறைந்தது.

2003-ல் மயாமியில் கெய்வன் நூரியும் சகாக்களும் இன்னொரு படி முன்னே போனார்கள். தழும்பு தடிக்கட்டும் என்று காத்திராமல், தையல் பிரித்த அன்றே தொடங்கி மாதம் ஒன்றாக மூன்று முறை. அங்கும் பாதிக்குப் பாதிதான். 2004-ல் டயட்டர் மேன்ஸ்டைனும் ஆண்டர்சனும் சகாக்களும் ஒளியைச் சல்லடை போலப் பிரித்தார்கள். தோல் முழுவதையும் சுடாமல், மயிரளவு மெல்லிய நூற்றுக்கணக்கான தூண்களாகச் சுட்டு, நடுநடுவே நல்ல தோலை விட்டுவைக்கும் முறை. விட்டுவைத்த தோலிலிருந்து ஆறுதல் விரைவாகப் பரவுகிறது. கெட்டித்துப் போன பழைய தழும்புகளை இளக்க இன்று பெரிதும் பயன்படுவது இந்த வழிதான்.

இந்த வரலாற்றில் ஒரு விஷயம் நம்மை உறுத்த வேண்டும். தோல் மருத்துவத்தில் தோலின் நிறத்தை வகைப்படுத்த ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 1975-ல் அது பிறந்தபோது வெள்ளைத் தோலை மனதில் வைத்து நான்கு வகைதான் இருந்தது. பழுப்பும் கறுப்பும் ஐந்து, ஆறு என்று பின்னால் சேர்க்கப்பட்டவை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெரும்பான்மையோர் நான்கு முதல் ஆறு வரைக்குள் வருவோம். மஞ்சள் லேசருக்கு ரத்தத்தின் சிவப்பு இலக்கு. ஆனால் தோலின் மேலடுக்கில் இருக்கும் மெலனினும் அதே ஒளியை வழியில் நின்று பிடித்துக்கொள்ளும். வெள்ளைத் தோலுக்கு வகுத்த அளவை அப்படியே இங்கே அடித்தால் கொப்புளம் வரும், அந்த இடம் கறுத்துப் போகும், சில நேரம் நிரந்தரமாக வெளுக்கும். அதனால்தான் நம் ஊர்த் தோல் மருத்துவர்கள் சக்தியைக் குறைத்து, இடைவெளியை நீட்டி, ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பார்த்து மேற்கொண்டு போகிறார்கள். மெலனின் அவ்வளவாகப் பிடிக்காத 1064 நானோமீட்டர் லேசரை நாடுகிறார்கள், கெலாய்டுக்கு ஸ்டீராய்டு ஊசியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். தடத்தை அடியோடு அழித்துவிடும் என்று எந்த நல்ல மருத்துவரும் சொல்வதில்லை. சிவப்பு அடங்கும், தடிப்பு தாழும், இழுப்பும் அரிப்பும் குறையும். கெலாய்டு திரும்பி வரவும் கூடும்.

2015 செப்டம்பரில் கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் இதய மாற்று அறுவை நடந்தது. கேரளத்தின் அரசு மருத்துவமனை ஒன்றில் அதுதான் முதல் முறை. ஆல்ஸ்டர் ஆய்ந்த அதே நெஞ்சுத் தழும்பு இன்று பீருமேட்டு மலையின் ஏழைக் குடும்பங்களிலும் இருக்கிறது. லேசர் கருவிகளும் பல மருத்துவக் கல்லூரிகளின் தோல் பிரிவுகளுக்கு வந்துவிட்டன. ஆனால் ஒரு தடவை போய் முடிகிற காரியம் அல்ல. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று முதல் ஆறு தடவை போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் பஸ்சுக்கு ஒரு நாள், அந்த நாளின் கூலியும் போச்சு. லேசருக்குப் பிறகு அந்த இடத்தில் வெயில் படக் கூடாது என்பது கட்டாய விதி. கழுத்தில் தைராய்டு தழும்போடு, மலை வெயிலில் காலை முதல் மாலை வரை கொழுந்து எடுக்கும் பெண்ணிடம் இதைச் சொல்லி அனுப்பினால் அவர் என்ன செய்வார்?

சிசேரியன் தழும்புக்கு வேறொரு தொல்லை. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் சேலை நனையாமலும் செடி கீறாமலும் இருக்க இடுப்பில் படங்கு கட்டுவார்கள். கனத்த, சொரசொரப்பான துணி. மேலே கயிறு இறுக்கி முடிச்சு. அந்தக் கயிறு வந்து உட்காரும் இடம் பலருக்கும் தையல் தடத்துக்குக் கிட்டத்தில்தான். நாள் முழுக்கக் குனிந்து நிமிரும்போது கயிறு தடத்தை உரசிக்கொண்டே இருக்கும். இழுப்பும் உரசலும் தழும்பைத் தடிக்க வைக்கும் காரணங்களில் முதன்மையானவை. லாங்கர் ஊசியால் குத்திப் பார்த்ததும் அந்த இழுப்பைத்தான்.

தோட்டங்களுக்கும் பொருந்திய மகப்பேறு நலச் சட்டத்தை 2017-ல் திருத்தியபோது, சம்பளத்தோடு கூடிய விடுப்பு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று. அந்த 26 வாரத்தில் படங்குக் கயிறும் இல்லை, கூலி போகிற கவலையும் இல்லை. நூரி தையல் பிரித்த நாளில் தொடங்கிய மூன்று சிகிச்சைகளும் அதற்குள் அடங்கிவிடும்; சிலிக்கோன் தகட்டை மூன்று நான்கு மாதம் ஒட்டி வைப்பதும் அடங்கும். குழந்தைக்குத் தடுப்பூசி போட ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் தாய் எப்படியும் ஆஸ்பத்திரிப் படியேறுகிறார். குழந்தையின் அட்டையில் தேதி குறிக்கும் நேரத்தில் தாயின் தையலையும் ஒரு பார்வை பார்த்து, தடிக்கிறதா, அரிக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டால், கோட்டயத்துக்கோ தேனிக்கோ அனுப்ப வேண்டியவரை அந்த மூன்று வருகையிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் இந்த விடுப்பு கிடைக்க, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். 2000-க்குப் பிறகு பீருமேட்டில் மூடிக்கிடந்த தோட்டங்களின் லயங்களில், பெயர் பதியாமல் தினக்கூலிக்குப் போகிற பெண்களுக்கு அந்த 80 நாள் கணக்கு எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. அவர்கள் இரண்டு மூன்று மாதத்திலேயே படங்கு கட்டுகிறார்கள். கயிற்றுக்கும் தையலுக்கும் நடுவே ஒரு பழைய துண்டை நான்காக மடித்து வைத்துக்கொண்டு.